ஆய்வாளர் வீட்டில் ஒரு கணினி வேண்டும்

உலகின் முதல் 500 அதிவேகக் கணினிகளின் பட்டியலில் 2004ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை தரமணிக்கு ஓர் இடம் கிடைத்தது. கணித அறிவியல் நிறுவனத்தில் இயற்பியலாளர் என்.டி. ஹரி தாஸ் முன்னின்று உருவாக்கிய ‘கப்ரு’தான் அந்தக் கணினி. இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வாங்கி இறக்கிய ராட்சத இயந்திரம் அல்ல அது. சந்தையில் எவரும் வாங்கக்கூடிய 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்டெல் ஜியான் பிராசஸர்களை, கணினிக்கு இரண்டாக 144 கணினிகளில் பொருத்தி, ஒன்றோடொன்று இணைத்து, லினக்ஸில் ஓட்டினார்கள். அணுக்கருவுக்குள் குவார்க்குகளைப் பிணைத்துவைக்கும் விசையை எண்களால் ஆராய்வது அதன் வேலை. வேகம் சுமார் ஒரு டெராஃபிளாப், அதாவது நொடிக்கு லட்சம் கோடி கணக்குகள். இன்று கடையில் கிடைக்கும் 16 கோர் மேசைக்கணினி பிராசஸர் ஒன்றின் உச்ச வேகமும் ஏறத்தாழ அதேதான். ஓர் அறை முழுக்க அடுக்கிவைத்த இயந்திரங்கள் செய்த பெருக்கல், கூட்டல்களை ஒரே ஆள் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு கேபினெட் இப்போது செய்துவிடும். நினைவகத்திலிருந்து தரவை இழுக்கும் வேகத்தில் 144 கணினிகளும் சேர்ந்து இன்றும் அதை முந்திவிடும். இரண்டும் எல்லா வகையிலும் சமம் என்று சொல்வது சரியாகாது. ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தேசிய நிறுவனத்தின் பெருமையாக இருந்த கணக்கிடும் ஆற்றலின் பெரும்பகுதி, தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு முனைவர் பட்ட ஆய்வாளரின் மேசைக்கு வந்துவிடலாம் என்ற நிலை உருவாகிவிட்டது. அந்த மேசைக்கு அது ஏன் வரவில்லை என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தென்சென்னையின் வரைபடத்தைப் பார்த்தாலே இந்தக் கேள்வியின் கனம் புரியும். கிண்டியில் ஐஐடி, தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமும், பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், சிறுசேரியில் சென்னை கணிதக் கழகம், சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், கிழக்குத் தாம்பரத்தில் 1937 முதல் சென்னை கிறித்தவக் கல்லூரி. அங்கிருந்து வண்டலூர், காட்டாங்குளத்தூர், கேளம்பாக்கம் என்று பொறியியல் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகங்களும் வரிசையாக வருகின்றன. இவ்வளவு நெருக்கமாக ஆய்வு நடக்கும் நிலப்பரப்பு நாட்டில் அதிகம் இல்லை. ஆனால் இந்த வளையத்துக்குள் வசிக்கும் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஐஐடியிலோ தரமணியிலோ பதிவு செய்தவர்கள் அல்லர். கலை அறிவியல் கல்லூரிகளிலும் சுயநிதிக் கல்லூரிகளிலும் பதிவு செய்துவிட்டுப் பகலில் வேறெங்கோ வகுப்பெடுப்பவர்கள். பல கல்லூரிகளில் மாலையானால் ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள். வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு ஆய்வு செய்யும் பெண்ணுக்கு, மின்சார ரயிலைப் பிடித்து ஏழு மணிக்கு வீடு திரும்பும் கௌரவ விரிவுரையாளருக்கு, ஆய்வு செய்யக் கிடைக்கும் நேரம் இரவுதான். அந்த நேரத்தில் அவர்களுக்கு எட்டும் தொலைவில் இருப்பது, உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்தாலே திணறும் ஒரு மடிக்கணினி.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டம் இருக்கிறதே என்பார்கள். 2015இல் 4,500 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டம் நல்ல திட்டம். பருவநிலை மாதிரிகளுக்கும் பெரிய புரதங்களுக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் ஆய்வு அங்கே தொடங்குவதில்லை. எந்தக் கணக்கும் முதல் இருபது தடவை தவறாகவே ஓடும். உள்ளீட்டுக் கோப்பில் ஓர் அலகு மாறியிருக்கும், காலப்படி பெரிதாகி அணுக்கள் சிதறியிருக்கும், தொடக்க நிலையே பிழையாக இருக்கும். இந்தத் தவறுகளைச் செய்து செய்துதான் ஆய்வாளர் தன் கணக்கைப் புரிந்துகொள்கிறார். பொதுக்கணினியில் வரிசையில் நின்று, நேர ஒதுக்கீடு பெற்று, ஒவ்வொரு மணிக்கும் கணக்குக் கொடுக்க வேண்டிய நிலையில் யாரும் துணிந்து தவறு செய்யமாட்டார்கள். விடை வரும் என்று முன்பே தெரிந்த கேள்விகளையே கேட்பார்கள். நம் ஆய்வேடுகளில் ஒரே முறையை வேறு வேறு சேர்மத்துக்குப் போட்டுப் பார்த்த வேலைகள் மலிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் உறுதியான கருத்து. சொந்தக் கணினியின் முதன்மையான பயன் வேகம் அல்ல. யாரிடமும் அனுமதி கேட்காமல் தோற்றுப் பார்க்க அது இடம் கொடுக்கிறது.

மேகக் கணினியை வாடகைக்கு எடுக்கலாமே என்ற அடுத்த யோசனையையும் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கூகுள் கோலாப் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் ஓர் அமர்வு அதிகபட்சம் 12 மணி நேரம், அதற்கும் உத்தரவாதம் இல்லை. ஒரு வாரம் ஓட வேண்டிய மூலக்கூறு இயக்கக் கணக்கை அதில் துண்டு துண்டாகத்தான் ஓட்ட முடியும். மத்திய அரசின் இந்தியா ஏஐ திட்டத்தில் கிராஃபிக்ஸ் பிராசஸர்கள் மணிக்குச் சுமார் 65 ரூபாய் என்ற சலுகை விலையில் கிடைக்கின்றன. உலகச் சந்தையோடு ஒப்பிட்டால் மலிவு, மறுப்பதற்கில்லை. ஆனால் இரவு பகலாக ஒரு மாதம் ஓட்டினால் 720 மணி நேரத்துக்கு 46,800 ரூபாய் ஆகும். இரண்டே மாதத்தில் 93,600. அந்தப் பணத்துக்கு ஐந்து ஆண்டுகள் உழைக்கக்கூடிய ஒரு கணினியைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். பெரிய மாதிரி ஒன்றைப் பயிற்றுவிக்க நான்கு நாள் தேவைப்படுபவர் வாடகைக்கு எடுக்கட்டும். ஆய்வுக்காலம் முழுவதும் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டியவருக்கு வாடகை கட்டாது.

அப்படியானால் ஒரு லட்சம் ரூபாயை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு எதை வாங்குவது? இங்கேதான் பணம் அதிகமாக வீணாகிறது. விளையாட்டுக் கணினிகளின் விளம்பரத்தைப் பார்த்து, கிடைக்கிற தொகையில் பாதிக்கு மேல் கிராஃபிக்ஸ் கார்டில் போட்டுவிடுகிறார்கள். அது சரியா தவறா என்பது அறிவியலைப் பொறுத்தது. குரோமாக்ஸ் போன்ற மென்பொருளில் புரதத்தின் அசைவை ஆராய்பவருக்கு அந்தக் கார்டு வரப்பிரசாதம். ஒற்றைத் துல்லியக் கணக்கே அங்கு பெரும்பாலும் போதும். ஆனால் குவாண்டம் எஸ்பிரெசோ மென்பொருளில் படிகங்களின் மின்னணு அமைப்பைக் கணக்கிடுபவருக்கு இரட்டைத் துல்லியம் வேண்டும். பரவலாக விற்கும் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒற்றைத் துல்லியத்தில் சுமார் 12 டெராஃபிளாப் வேகம் தரும். இரட்டைத் துல்லியத்தில் அதில் 64இல் ஒரு பங்குதான். அவர் தன் பணத்தைப் பிராசஸரிலும் ராமிலும் போட வேண்டும். மூலிகைச் சேர்மங்களைப் புரதங்களோடு பொருத்திப் பார்க்கும் டாக்கிங் வேலைக்கு இதுகூட வேண்டியதில்லை. ஆட்டோடாக் வினா மென்பொருள் சாதாரணப் பிராசஸரின் எல்லா கோர்களையும் பயன்படுத்திக்கொள்ளும்; எட்டு கோர் இருந்தால் தாராளம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் எப்படிச் சுருங்கியது என்று பார்க்க விரும்புபவருக்கோ முதல் தேவை வன்தட்டு. சென்டினல் 2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை இந்த இடத்தைப் படமெடுக்கின்றன. பத்து மீட்டர் துல்லியப் படங்கள் இலவசம். ஆண்டுக்குச் சுமார் 73 படங்கள், படம் ஒன்று முக்கால் ஜிபி என்று வைத்தாலும் எட்டு ஆண்டுக்கு 400 ஜிபியைத் தாண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்துப் படங்களில் பாதி மேகமாகவே இருக்கும் என்பது வேறு விஷயம். இந்த வேலைக்கு விலையுயர்ந்த கார்டை வாங்கிவிட்டு 512 ஜிபி எஸ்எஸ்டியோடு நின்றுவிட்டால் ஆறே மாதத்தில் படங்களை அழிக்க வேண்டிவரும்.

பழைய கணினிகளையும் நாம் மரியாதையோடு பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பல கோடிக் கணினிகள் உலகெங்கும் ஒரே நாளில் ‘காலாவதி’ ஆகிவிட்டன. லினக்ஸுக்கு அவை காலாவதி அல்ல. ஆய்வு மென்பொருள்களில் பெரும்பாலானவை ஓடுவதும் லினக்ஸில்தான். எடுத்துக்காட்டாக 2016இல் வெளிவந்த ஜியான் இ5-2680 வி4 பிராசஸரில் 14 கோர்கள், நான்கு நினைவகத் தடங்கள். டிடிஆர்4 2400 ராமோடு நொடிக்கு 76.8 ஜிபி தரவை அது இழுக்கும். இரண்டு தடங்கள் மட்டுமே உள்ள பிந்தைய டிடிஆர்4 3200 மேசைக்கணினிக்கு அது 51.2 ஜிபிதான். பல அறிவியல் கணக்குகள் பிராசஸருக்காக அல்ல, ராமிலிருந்து வரும் தரவுக்காகவே காத்திருக்கின்றன என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம். நிறுவனங்கள் கழித்துக்கட்டும் இத்தகைய வொர்க்ஸ்டேஷன்களில் பிழைதிருத்தும் ராமும் சேர்ந்தே வரும். எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனால் புதியதும் பழையதும் பேரம் பேசி வாங்கக் கிடைக்கும். 2025இன் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் ராம் விலை கிடுகிடுவென ஏறிய பிறகு, பழையதைத் தேடுவது இன்னும் கட்டாயமாகிவிட்டது. குறை ஒன்று உண்டு: பழையது மின்சாரம் அதிகம் குடிக்கும்.

மின்சாரக் கணக்கைப் பலரும் தவறவிடுகிறார்கள். 300 வாட் இழுக்கும் கணினி இரவு பகலாக ஓடினால் ஒரு நாளுக்கு 7.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 432 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டியதும் தாவிக் குதிக்கிறது; மேல் யூனிட்டுகளின் விலை ஏறுவதோடு, 500க்குள் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடுகிறது. 300 யூனிட் பயன்படுத்தும் குடும்பம் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகக் கட்டிக்கொண்டிருக்கும். 2024 ஜூலைக் கட்டணப்படி, இந்தக் கணினி வந்தால் அதே வீட்டின் பில் நாலாயிரத்தைத் தாண்டும். இதற்கு விடை கணினியை அணைப்பது அல்ல. இன்றைய பிராசஸர்களில் மின்வரம்பைக் குறைத்து வைக்கலாம். 170 வாட்டுக்கு வடிவமைத்ததை 65 வாட்டுக்குக் கட்டுப்படுத்தினாலும் வேகம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. மே மாத வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் மீனம்பாக்கம், தாம்பரம் பகுதியில், ஏசி இல்லாத அறையில் ஓடும் கணினி சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முன்கூட்டியே நாம் குறைத்துவைப்பது அதைவிடப் புத்திசாலித்தனம். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலையில் ஓடுவதா, சைன் அலையா என்பதையும் பார்க்க வேண்டும். இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் பல சதுர அலையில் ஒழுங்காக ஓடுவதில்லை. இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் கணினி அணைந்து எழுந்தால் மூன்று நாள் கணக்கு போயிற்று. சிறிய யூபிஎஸ் ஒன்றும், கணக்கின் நிலையை அவ்வப்போது கோப்பில் சேமிக்கும் பழக்கமும் எந்த விலையுயர்ந்த பாகத்தைவிடவும் அதிகம் காப்பாற்றும்.

வெள்ளத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்புறநகர்ப் பகுதிகள் மீண்டும் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. தரைத்தள வீட்டில் கணினியைத் தரையில் வைக்கக் கூடாது என்பதும், தரவின் ஒரு நகல் வேறோர் ஊரில் இருக்க வேண்டும் என்பதும் இந்தப் பகுதியில் ஆய்வு செய்பவருக்கு அறிவுரை அல்ல, நிபந்தனை.

வீட்டில் கோத்த கணினியின் முடிவை நம்பலாமா என்பது நியாயமான ஐயம். அதற்கு வரலாற்றில் ஒரு விடை இருக்கிறது. 1994இல் அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரியில் இருந்த கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைச் சாதாரண மேசைக்கணினிகளில் கூட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கணினிகளில் ஒன்றின் விடை மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. மாதக்கணக்கில் துருவிப் பார்த்து, பென்டியம் பிராசஸரின் வகுத்தல் பிரிவிலேயே பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார். இன்டெல் நிறுவனத்துக்கு அதனால் ஏற்பட்ட செலவு 47.5 கோடி டாலர். அந்தப் பிழையை அம்பலப்படுத்தியது பெரிய ஆய்வுக்கூடமோ சூப்பர்கம்ப்யூட்டரோ அல்ல. ஒரே கணக்கை இரண்டு கணினிகளில் ஓட்டி ஒப்பிடும் ஒரு தனி ஆளின் ஒழுக்கம். நம்பகம் கணினியின் விலையிலிருந்து வருவதில்லை. புதிய கணினியில் ராமை ஓர் இரவு முழுக்கச் சோதித்து, ஏற்கெனவே வெளியான ஒரு முடிவை அதில் மறுபடி வரவழைத்துப் பார்த்த பிறகே சொந்தக் கணக்கைத் தொடங்குபவரின் முடிவை நான் நம்புவேன். இதைச் செய்யாதவர் சூப்பர்கம்ப்யூட்டரில் ஓட்டினாலும் நம்பமாட்டேன். எளிய கணினியால் எதுவரை போக முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 2017 டிசம்பரில், அதுவரை அறியப்பட்டதிலேயே மிகப்பெரிய பகா எண், 2 கோடியே 32 லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள் கொண்டது, டென்னசியில் ஒரு தன்னார்வலரின் கணினியில் கிடைத்தது. நான்கு கோர் மட்டுமே கொண்ட இன்டெல் ஐ5-6600 பிராசஸர் அதற்காக ஆறு நாள் இடைவிடாமல் ஓடியது.

எல்லாவற்றிலும் வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. கருவிகளைத் தருவது பல்கலைக்கழகத்தின் கடமை. ‘நீயே வாங்கிக்கொள்’ என்று சொல்வது அந்தக் கடமையை ஏழை மாணவர் தலையில் கட்டுவதாகாதா? வசதியுள்ளவர் முன்னேறுவார், இல்லாதவர் பின்தங்குவார் அல்லவா? உண்மை. இன்றைய நிலையே அதுதான். யூஜிசி இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது கிடைத்தவர் எப்படியாவது சேர்த்து வாங்கிவிடுகிறார். உதவித்தொகையே இல்லாமல் பதிவு செய்திருக்கும் எத்தனையோ ஆய்வாளர்கள் வாங்க முடியாமல் நிற்கிறார்கள். உதவித்தொகை பெறுபவருக்கும் ஆய்வுச் செலவுகளுக்காகத் தரப்படும் கன்டின்ஜென்சி தொகை அறிவியல் பாடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 12,000 ரூபாய்தான். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து ஒரு லட்சத்துக்குக் கணினி வாங்கினால் அதில் வரி மட்டும் 15,254 ரூபாய். அரசு ஆண்டு முழுவதற்கும் ஆய்வுச் செலவுக்குத் தரும் தொகையைவிட, ஒரே பில்லில் திரும்ப எடுத்துக்கொள்ளும் வரி அதிகம். பொதுநிதியில் நடக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கு இருந்த 5 விழுக்காட்டுச் சலுகை வரியும் 2022 ஜூலையில் நீக்கப்பட்டது. தனி ஆய்வாளருக்கு அந்தச் சலுகை ஒருபோதும் இருந்ததில்லை.

ஆகவே நான் கேட்பது ஆய்வாளர் தன் காசில் வாங்க வேண்டும் என்பதல்ல. கல்லூரி வாங்கட்டும், ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறட்டும். நூலகம் புத்தகத்தை இரவல் தருவதுபோல ஆய்வாளர் அதை வீட்டுக்கு எடுத்துச்சென்று, ஆய்வேடு கொடுத்த பிறகு திருப்பித் தரட்டும். அடுத்த ஆய்வாளருக்கு அது போகும். இப்போது இதைத் தடுப்பது பணத்தைவிட நடைமுறைதான். கருவி வளாகத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்ற தணிக்கைப் பழக்கம், மூன்று விலைப்புள்ளிகள் வாங்கி முழுக் கணினியாகவே வாங்க வேண்டும் என்ற விதி, புதுப்பித்த கணினி என்றாலே சந்தேகிக்கும் மனநிலை. பாகங்களாக வாங்கவும், ரசீதும் உத்தரவாதமும் தரும் விற்பனையாளரிடமிருந்து புதுப்பித்தவற்றை வாங்கவும், வீட்டில் வைத்துக்கொள்ளவும் அனுமதிக்கும் ஒரே ஒரு சுற்றறிக்கை இதில் பாதியைத் தீர்த்துவிடும். வீட்டுக்குப் போனால் குடும்பம் படம் பார்க்கத்தான் பயன்படும் என்று சொல்பவர்களும் உண்டு. ஆய்வேட்டில் வந்து நிற்கும் கணக்குகளே அதற்குச் சாட்சி சொல்லும். நெறியாளர் ஆறு மாதத்துக்கொரு முறை பார்க்கப்போவதும் அவற்றைத்தானே.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாதை புதியது அல்ல. 2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டம், கணினி என்பது படிக்கும் பிள்ளையின் வீட்டில் இருக்க வேண்டிய பொருள் என்பதை அரசுக் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தர 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தத் தொகையில் அரை விழுக்காடு 10 கோடி. தலைக்கு ஒரு லட்சம் என்றால் ஆயிரம் ஆய்வாளர்களின் வீட்டில் இரவு முழுவதும் ஓடும் கணினி இருக்கும். உதவித்தொகை இல்லாதவர்களிலிருந்து தொடங்குங்கள் என்பதே உயர்கல்வித் துறையிடம் வைக்கும் கோரிக்கை.